சுச்சின்ஷான்–அட்லஸ், 2024: செட்டிநாட்டு அடிவானத்தில் ஒரு வால்மீனின் பொலிவை அளந்தால்

2024 செப்டம்பர் கடைசியில் விடியற்காலையிலும் அக்டோபர் நடுவில் அந்தியிலும் தெரிந்த சி/2023 ஏ3 சுச்சின்ஷான்–அட்லஸ், வெறுங்கண்ணுக்கு எட்டிய வால்மீன். ஊருக்கு ஊர் படம் எடுத்தார்கள். படம் எடுப்பது எளிது. அன்றைக்கு அது எவ்வளவு பொலிவாக இருந்தது என்று ஒரு எண்ணை எழுதி, அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்பதுதான் கடினம். காரைக்குடியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் நோக்கிடமாக வைத்து, இந்த ஒரு வால்மீனின் பொலிவு மாற்றத்தை இங்கே ஆராய்கிறோம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வரைபடத்தில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் வால்மீனுடையது எவ்வளவு, நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றும் சூரியன் இருந்த திசையும் கிளப்பிவிட்டது எவ்வளவு?

பொலிவெண் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. மேக்னிட்யூட் எனப்படும் இந்த எண் கூடினால் மங்கல், குறைந்தால் பளிச். 1 எண் வித்தியாசம் என்றால் ஒளியில் சுமார் 2.5 மடங்கு, 5 எண் என்றால் 100 மடங்கு. அபிஜித் எனும் வேகா 0-ஐ ஒட்டியது, மகம் 1.4. நகர விளக்கு இல்லாத இடத்தில் வெறுங்கண் 6 வரை போகும்.

ஆளைப் பற்றி

2023 ஜனவரி 9 அன்று சீனாவின் ஊதாமலை வானாய்வகம் எடுத்த படங்களில் இது முதலில் பதிவானது. பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள, வானத்தைத் தொடர்ந்து துழாவும் அட்லஸ் தொலைநோக்கியும் தனியாகக் கண்டுபிடித்தது. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை மிக நெருங்கியது, தொலைவு 0.391 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவு 1 அலகு), அதாவது புதனின் சுற்றுப்பாதை அளவு. அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், 0.47 வானியல் அலகில், சுமார் 7 கோடி கிலோமீட்டர் தள்ளிக் கடந்து போனது.

இடையில் ஒரு பயமும் இருந்தது. 2024 வசந்தத்துக்குப் பிறகு பொலிவு எதிர்பார்த்தபடி கூடவில்லை. சூரியனை நெருங்குமுன்பே இது சிதறிவிடும் என்று வால்மீன் ஆய்வில் பெயர்பெற்ற ஸ்டெனெக் செக்கானினா ஜூலையில் எழுதினார். சிதறவில்லை. முன்கணிப்பை வாய்ப்பாடாகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது போதும். பார்ப்பதற்கு முன் செயலியில் காட்டும் வால்மீன் பொலிவெண்ணைப் படிக்காதீர்கள். அது சூத்திரத்தில் வந்த எண். ஒருமுறை கண்ணில் பட்டால் மனம் அதைச் சுற்றியே அளக்கும்.

சூத்திரம் இதுதான்:

பொலிவெண் = தனிப்பொலிவு + 5 × மடக்கை(பூமியிலிருந்து தொலைவு) + 10 × மடக்கை(சூரியனிலிருந்து தொலைவு)

தொலைவுகள் வானியல் அலகில், மடக்கை 10-ஐ அடியாகக் கொண்டது. தனிப்பொலிவு என்பது சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் 1 அலகில் வால்மீன் இருந்தால் காட்டும் பொலிவெண். கடைசி உறுப்பில் வரும் 10 வெறும் வழக்கம்; வால்மீனுக்கு வால்மீன் 6, 7-இலிருந்து 15-க்கு மேல் கூட மாறும். இந்த ஆய்வு முழுக்க 10 என்றும், தனிப்பொலிவு 5 என்றும் வைத்துக்கொள்கிறோம். ஒப்பிட ஒரு கோடு வேண்டும் என்பதற்காக மட்டும்.

எங்கே நின்று பார்ப்பது

காரைக்குடி 10 பாகை வட அட்சம். இந்த அட்சத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து, செங்குத்தாக இறங்கும். முழு இருட்டுக்கும் சூரிய உதயத்துக்கும் இடையே சுமார் 70 நிமிடமே. ஐரோப்பாவில் இருப்பவருக்கு இதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். சூரியனை ஒட்டிச் சுற்றும் வால்மீனுக்கு நம் அட்சம் தரும் பெரிய சலுகை இது. அதே சமயம் கையில் இருக்கும் நேரமும் சுருங்கிவிடுகிறது. 15 நிமிடம் தாமதமாக வந்தால் அன்றைய கணக்கு போச்சு.

நிலம் தட்டை. மலை என்று சொல்ல குன்றக்குடிக் குன்றும் திருமயம் பாறையும் உண்டு, அவ்வளவுதான். ஆனால் தட்டை நிலம் என்றால் திறந்த அடிவானம் என்று பொருளில்லை. செட்டிநாட்டு வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கும்போது 50 மீட்டர் தள்ளி இருக்கும் வீடு நம் கண்மட்டத்துக்கு மேல் 9 மீட்டர் நின்றால் 10 பாகையை அடைத்துவிடும். 100 மீட்டரில் நிற்கும் வளர்ந்த பனையும் அதே வேலையைச் செய்யும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. முதல் நாள் பகலிலேயே இதை வைத்து அளந்துவிட வேண்டும்.

விடியலுக்குக் கண்மாய்க் கரை நல்லது. கரை உயரம், எதிரே தண்ணீர், அதற்கப்பால் சீமைக் கருவேலம். ஒரு குறை: செப்டம்பர் விடியலில் தண்ணீர் மேல் தாழ்ந்த பனிமூட்டம் படியும். அது அடியில் 3, 4 பாகையைத் தின்றுவிடும். கிழக்கே தண்ணீர் இல்லாமல் செம்மண் பொட்டல் இருக்கும் ஊருணிக் கரை கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஊர் வெளிச்சத்துக்கு ஒரே விதி: நகரம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். விடியலில் கிழக்கே பார்க்க வேண்டும் என்றால் காரைக்குடிக்குக் கிழக்கே, புதுவயல் பக்கம். அந்தியில் மேற்கே பார்க்க வேண்டும் என்றால் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டி. ஒரே இடத்தில் இரண்டு பருவத்தையும் முடிக்கப் பார்த்தால், ஒன்றில் நகரின் வெளிச்சக் குடை வால்மீனுக்கு நேர் கீழே நிற்கும். கோயில் கோபுர விளக்கும் எல்இடி தெருவிளக்கும் தொலைவில் இருந்தாலும் கண்ணில் நேராகப் படக் கூடாது. தண்ணீர்த் தொட்டி நிழல் போதும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் கொடுங்கள்.

செப்டம்பர் 30 விடியல்: எட்டுப் பாகை உயரத்தில்

காரைக்குடியில் அன்று சூரிய உதயம் 6.03-ஐ ஒட்டி. 5.10-க்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 14 பாகை. வால்மீன் சூரியனிலிருந்து 23 பாகை மேற்கே, சிம்மத்துக்குத் தெற்கே, தரையிலிருந்து சுமார் 8 பாகை உயரத்தில். அந்த நேரத்தில் ஒப்பிடத் தக்க விண்மீன்கள் இரண்டே: மகம் (1.36) சுமார் 22 பாகை உயரத்தில், ஆல்ஃபார்ட் (1.98) சுமார் 28 பாகையில். உத்திரம் இன்னும் உதிக்கவில்லை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உச்சியில் இருக்கும் விண்மீனின் ஒளி காற்றுமண்டலத்தை ஒரு மடங்கு கடந்து வருகிறது என்றால், 30 பாகையில் 2 மடங்கு, 22 பாகையில் 2.65, 10 பாகையில் 5.6, 8 பாகையில் 6.9, 5 பாகையில் 10.3 மடங்கு காற்றைக் கடக்கிறது. ஒவ்வொரு மடங்குக்கும் இழக்கும் பொலிவெண்தான் ஒளியிழப்பு வீதம். உயர்ந்த மலையில் நல்ல இரவில் 0.15 இருக்கலாம். கடல்மட்டத்தை ஒட்டிய ஈரப்பதமான சமவெளியில் 0.3-இலிருந்து 0.4 வரை எடுத்துக்கொள்வதே சரி. கரிமூட்டம் எரியும் பக்கம் என்றால் இன்னும் கூடும்.

கணக்குக்காக வால்மீனின் உண்மைப் பொலிவெண் 2.0 என்று வைப்போம். வீதம் 0.3. வால்மீன் இழப்பது 6.9 × 0.3 = 2.1, கண்ணுக்கு 4.1 ஆகத் தெரியும். மகம் இழப்பது 0.8, கண்ணுக்கு 2.15. பார்ப்பவர் வால்மீன் மகத்தைவிட 1.9 எண் மங்கல் என்று சரியாகவே மதிப்பிட்டு, 1.36-உடன் கூட்டி 3.3 என்று எழுதுவார். கண் தவறவில்லை. எழுதியது மட்டும் 1.3 எண் தப்பு. ஒளியில் சொன்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எழுதியிருக்கிறார்.

சரி, திருத்தம் போட்டால் முடிந்ததா? வீதம் 0.3-ஆ 0.4-ஆ என்பது தெரியாவிட்டால் திருத்தத்திலேயே 0.4 எண் ஊசலாடும். அந்த விடியலில் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் ±0.4-க்குக் கீழே பிழையைக் குறைக்க வழியில்லை. ஆகவே செப்டம்பர் 28, 29, 30 என்று மூன்று நாளும் 0.2, 0.3 அளவில் மாறியதாகக் குறிப்பு வந்தால், அது வால்மீனின் மாற்றம் என்று நம்பக் காரணமே இல்லை.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வால்மீனின் தலை நடுவில் அடர்ந்து ஓரத்தில் கரைந்து போவது. விடியல் வெளிச்சம் ஏற ஏற ஓரம் வானத்தில் மூழ்கி, நடு மட்டும் எஞ்சும். 5.10-க்கும் 5.30-க்கும் இடையே அதே கண், அதே பைனாகுலர் தரும் எண் மங்கிக்கொண்டே போவது அதனால்தான். ஆனால் அதே 20 நிமிடத்தில் வால்மீன் மேலே ஏறிக் காற்றிழப்பு குறைகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, சில சமயம் எண் மாறாமலே நிற்கும். மாறவில்லை என்பதற்காக அதை நல்ல அளவீடு என்று எண்ணிவிடக் கூடாது.

அக்டோபர் 9: யாரும் இரவில் பார்க்காத உச்சம்

அக்டோபர் 2-க்குப் பிறகு வால்மீன் சூரிய ஒளிக்குள் புகுந்துவிட்டது. 7-இலிருந்து 11 வரை, சூரியனை நோக்கும் சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கேமராவில் அதைக் காண முடிந்தது. உச்சம் 9-ஆம் தேதி. பொலிவெண் –5-க்கு அருகில் என மதிப்பிடப்பட்டது. வெள்ளியைவிடப் பளிச்.

நம் சூத்திரம் என்ன சொல்கிறது? அன்று வால்மீன் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 0.5 வானியல் அலகில். 5 + 5 × (–0.30) + 10 × (–0.30) = 0.5. கண்டது –5. வித்தியாசம் 5 எண்ணுக்கு மேல். நூறு மடங்குக்கும் அதிகம்.

வால்மீன் திடீரென நூறு மடங்கு தூசு கக்கவில்லை. சூரியன், வால்மீன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தன. வால்மீனில் நின்று பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட கோணம் 170 பாகையைத் தாண்டியது. நுண்தூசி தன்மேல் விழும் ஒளியைப் பின்னால் திருப்புவதைவிட முன்னால் பலமடங்கு சிதறடிக்கும். எதிர்வெயிலில் கார் கண்ணாடித் தூசு பளபளப்பது போல. 2007-இல் மக்னாட் வால்மீன் பகலிலேயே தெரிந்ததற்கும் இந்த முன்சிதறல் ஒரு காரணம்.

செட்டிநாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இதில் என்ன? 9-ஆம் தேதி எதுவும் இல்லை. ஆனால் அக்டோபர் 12-க்குப் பிறகு அந்தியில் வால்மீன் வெளிப்பட்டபோது அந்த முன்சிதறலின் மிச்சம் இன்னும் இருந்தது. ஒவ்வொரு நாளும் கோணம் குறையக் குறைய அந்த மிச்சம் வடிந்தது. அந்த வாரத்தில் வால்மீன் “வேகமாக மங்குகிறது, உடைகிறதோ” என்ற பேச்சு எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோணத்தை. தூசு நிறைந்த வால்மீன் சூரியனுக்கும் நமக்கும் இடையே வந்துபோகும் எந்தத் தடவையும் இதே கதைதான்.

அக்டோபர் 14 அந்தி: இரண்டு விண்மீன், இரண்டு பதில்

அன்று காரைக்குடியில் சூரியன் மறைவு 5.58. 6.45-க்கு வால்மீன் மேற்கில் 12 பாகையை ஒட்டி. அதற்கு இடது மேலே வெள்ளி, சுமார் 17 பாகை. வலது கீழே சுவாதி, சுமார் 7 பாகை. வடமேற்கில் அபிஜித் 55 பாகை உயரத்தில் நிற்கிறது. வெள்ளிக்கும் சுவாதிக்கும் நடுவில் தேடினால் கிடைத்துவிடும் என்பதால் பெரும்பாலோர் சுவாதியோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள்.

மறுபடி கணக்கு. உண்மைப் பொலிவெண் 0.9, வீதம் 0.3 என்று வைப்போம். வால்மீன் 4.7 மடங்கு காற்றில் 1.4 இழந்து கண்ணுக்கு 2.3. சுவாதி –0.05, 7.7 மடங்கு காற்றில் 2.3 இழந்து கண்ணுக்கு 2.25. ஆக வால்மீனும் சுவாதியும் ஒன்றுபோலத் தெரியும், பார்ப்பவர் 0.0 என்று எழுதுவார். பக்கத்தில் நிற்பவர் அபிஜித்தோடு ஒப்பிடுகிறார். அபிஜித் 0.4 மட்டும் இழந்து கண்ணுக்கு 0.4, வால்மீன் அதைவிட 1.9 மங்கல், அவர் 1.9 என்று எழுதுவார். ஒரே மாடி, ஒரே நிமிடம், இரண்டு நல்ல கண்கள், நடுவே 1.9 எண் வித்தியாசம். செப்டம்பர் விடியலில் திருத்தாத எண் எப்போதும் மங்கல் பக்கமே விழுந்தது. இங்கே தேர்ந்த விண்மீனைப் பொறுத்து எந்தப் பக்கமும் விழும். உயரத்தை எழுதாமல் பொலிவெண்ணை மட்டும் எழுதிய குறிப்பைப் பின்னால் யாராலும் காப்பாற்ற முடியாது.

இதே நிலைமையை வைத்து அன்றைய வீதத்தையும் கண்டுபிடித்துவிடலாம். இறங்கும் சுவாதி, மேலே இருக்கும் எந்த விண்மீன் அளவுக்கு மங்கித் தெரிகிறது என்று பாருங்கள். அது 7 பாகையில் இருக்கும்போது, 54 பாகை உயரத்தில் உள்ள ரசல்ஹேக் (2.08) அளவுக்குத் தெரிந்தது என்று கொள்வோம். ரசல்ஹேக்குக்குக் காற்று 1.24 மடங்கு. –0.05 + 7.7 × வீதம் = 2.08 + 1.24 × வீதம். வீதம் 0.33. இரண்டு நிமிட வேலை. சுவாதி செம்மஞ்சள் என்பதால் நீல ஒளி விண்மீனைவிடச் சற்றுக் குறைவாகவே இழக்கும். அந்தப் பிழை சிறியது. புத்தக வீதத்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். கேட்டை, திருவாதிரை போன்ற செந்நிற விண்மீன்களை மட்டும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அவை தாமே பொலிவு மாறுபவை, இருட்டில் சிவப்பைக் கண் ஒரே மாதிரி எடைபோடாது.

அந்த வாரத்தில் வேறு தொல்லைகளும் இருந்தன. முழுநிலவு அக்டோபர் 17. அதற்கு முந்தைய அந்திகளில் கிழக்கில் ஏறிய நிலா வானத்தின் பின்புலத்தை வெளுத்தது. வாலும் தலையின் ஓரமும் குன்றிப் போயின. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 15 அன்று தொடங்கியதாக வானிலைத் துறை அறிவித்தது. மேகம் மூடினால் பிரச்சினையே இல்லை, போர்த்திக்கொண்டு தூங்கலாம். மெல்லிய வெண்திரை மேகம்தான் ஏமாற்றும். நிலவொளியில் அது இருப்பதே தெரியாது. சோதனை இது: பொலிவெண் தெரிந்த இரண்டு விண்மீன்களை, ஒன்றை வால்மீன் பக்கமும் மற்றொன்றைத் தள்ளியும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். காற்றிழப்பைக் கழித்த பிறகும் 0.3-க்கு மேல் முரண்பட்டால் அன்றைய எண்ணை எழுதாதீர்கள். “மேகம், மதிப்பீடு இல்லை” என்பதும் ஒரு பதிவுதான்.

அக்டோபர் 20: கண் செய்யும் வேலை

இந்த நாளுக்குத்தான் செட்டிநாட்டு நோக்கர் காத்திருக்க வேண்டும். இரவு 7 மணிக்கு வால்மீன் ஒஃபியூக்கஸ் விண்மீன் குழுவில், சுமார் 30 பாகை உயரத்தில். நிலா இன்னும் உதிக்கவில்லை. ரசல்ஹேக்கும் செபல்ராயும் (2.77) 45 பாகையில் அருகருகே. காற்றிழப்பு வித்தியாசம் 0.2-க்குள் அடங்கிவிடும்; வீதத்தில் 0.1 தப்பினாலும் பதிலில் 0.06-தான் மாறும். இனி பிழை வானத்தில் இல்லை, கண்ணிலும் முறையிலும்தான்.

விண்மீன் ஒரு புள்ளி; வால்மீன் ஒரு பஞ்சு. புள்ளியையும் பஞ்சையும் நேராக ஒப்பிட்டால் வால்மீன் எப்போதும் மங்கலாகவே தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே அளவுக்குப் பரத்தி ஒப்பிட வேண்டும். மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. வால்மீனைக் கூர்மையாகப் பார்த்து, அதன் அளவுக்கு விண்மீனை மட்டும் குவியம் கலைப்பது சிட்ஜ்விக் முறை. பரந்து விரிந்த, நடு அடர்த்தி இல்லாத வால்மீனுக்கு ஏற்றது. இரண்டையும் ஒரே அளவு கலைப்பது பாப்ரோவ்னிகாஃப் முறை. சிறிய, அடர்ந்த தலைக்கு. நடுவில் நிற்பது மாரிஸ் முறை, சுச்சின்ஷான்–அட்லஸ் போல அடர்ந்த நடுவும் பரந்த ஓரமும் உள்ளதற்கு இதுவே பொருத்தம்.

மாரிஸ் முறையில் 10×50 பைனாகுலரை எல் வடிவப் பிடியோடு டிரைபாடில் பூட்டுங்கள். கையில் பிடித்தால் ஓரம் நடுங்கும். குவியத்தை மெல்லக் கலையுங்கள், நடுவின் பளிச் கரைந்து தலை முழுதும் ஒரே சீரான வட்டமாகும் வரை மட்டும். அந்த வட்டத்தின் அளவையும் வெளுப்பையும் மனத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ரசல்ஹேக்குக்குத் திருப்பி, அது அதே அளவு வட்டமாகும்வரை கலையுங்கள்; குவியச் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். வெளுப்பை ஒப்பிடுங்கள். செபல்ராயோடும் அதே போல. ரசல்ஹேக்குக்கும் செபல்ராய்க்கும் உள்ள இடைவெளியைப் பத்துப் பங்காக்கி, வால்மீன் ரசல்ஹேக்கிலிருந்து மூன்றாம் பங்கில் நிற்கிறது என்றால்: 2.08 + 0.3 × 0.69 = 2.3. பிறகு காற்றிழப்புத் திருத்தம். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று விலக்கிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். வால்மீனைப் பக்கப் பார்வையிலும் விண்மீனை நேர்ப் பார்வையிலும் பார்த்தால் அரை எண் வரை தவறும்.

வால்மீன் இவ்வளவு பொலிவாக இருக்கும்போது பைனாகுலர் தேவையில்லை, வெறுங்கண்ணே சிறந்த கருவி. அப்போது எதைக் கலைப்பது? கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றினால் போதும். நல்ல பார்வை உள்ளவர் கண்ணாடிக் கடையில் படிப்பதற்கென விற்கும் +1 அல்லது +2 கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாம். +2 கண்ணாடியில் விண்மீன் ஏறக்குறைய முழுநிலவு அளவு வட்டமாகும், +1-இல் அதில் பாதி. செலவு சொற்பம், பலன் பெரிது.

அளப்பது தலையை மட்டும். வாலின் ஒளியைச் சேர்க்கக் கூடாது. ஆனால் கண் தானாகவே வாலின் அடிப்பகுதியைச் சேர்த்துக்கொள்ளும். வால் இல்லாத பக்கத்தில் வட்டத்தின் ஓரத்தைப் பிடித்து அளவு நிர்ணயிப்பது இதற்கு மாற்று. அக்டோபர் 14-ஐ ஒட்டிப் பூமி வால்மீனின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடந்ததால் சூரியன் பக்கம் நீளும் எதிர்வாலும் தெரிந்தது. அந்த ஓரிரு நாள்களில் இரண்டு பக்கமுமே நம்பத் தகாதவை.

2.3-இலிருந்து காற்றிழப்பு வித்தியாசம் 0.2-ஐக் கழித்தால் 2.1. அதை நம் ஒப்பீட்டுக் கோட்டோடு வைத்துப் பாருங்கள். அக்டோபர் 20-ஐ ஒட்டி வால்மீன் சூரியனிலிருந்து 0.7, பூமியிலிருந்து 0.6 வானியல் அலகு அளவில்: 5 – 1.1 – 1.55 = 2.35. அக்டோபர் 14-க்கு 0.59, 0.48 என்று போட்டால் 1.1. ஆறே நாளில் 1.2 எண் இறக்கம், வெறும் தொலைவுக் கணக்கிலேயே. அதற்கு மேல் எவ்வளவு கூடுதலாக இறங்கியதோ அதில் முன்சிதறலின் வடிகால் உண்டு. அதையும் கழித்து மிஞ்சுவதைத்தான் வால்மீனின் சொந்த மாற்றம் என்று சொல்ல முடியும்.

எழுதி வைப்பது

நம் ஊரில் அதிகம் நடக்கும் பிழை தேதி. பதிவுகள் உலக நேரத்தில், நாளின் தசமமாக எழுதப்படும். இந்திய நேரத்தில் 5.30 மணி கழிக்க வேண்டும். செப்டம்பர் 30 விடியல் 5.10 என்பது உலக நேரத்தில் செப்டம்பர் 29, 23.40, ஆக எழுத வேண்டியது செப்டம்பர் 29.99. அக்டோபர் 20 இரவு 7 மணி என்பது 13.30; அது 20.56. விடியல் நோக்குகளில் தேதி ஒன்று பின்னால் போவதை மறந்தால், வேகமாக நகரும் வால்மீனுக்கு ஒரு நாள் பிசகு வரைபடத்தையே கோணலாக்கும்.

பொலிவெண்ணுடன் முறை, கருவியின் வில்லை விட்டமும் பெருக்கமும், தலையின் விட்டம் கோணநிமிடத்தில், அடர்த்தி, வாலின் நீளமும் திசையும், ஒப்பிட்ட விண்மீன்கள், வால்மீனின் உயரமும் அவற்றின் உயரமும், போட்ட திருத்தம் ஆகியவை வேண்டும். அடர்த்தி 0-இலிருந்து 9 வரை: 0 என்றால் நடுவே இல்லாத வெறும் மூட்டம், 9 என்றால் விண்மீன் போன்ற புள்ளி. தலை விட்டமும் அடர்த்தியும் பொலிவெண்ணுக்குச் சாட்சி. பொலிவு அரை எண் கூடியது, விட்டமும் அடர்த்தியும் மாறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான வெடிப்பு என்றால் முதலில் அடர்த்தி ஏறும், பிறகு விட்டம் பெருகும். 2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்மீன் 17-இலிருந்து இரண்டு நாளுக்குள் 3-க்கு வந்தபோது அது முதலில் விண்மீன் போலத்தான் தெரிந்தது, வட்டம் பிறகே விரிந்தது.

பெரிய கருவியில் அதே வால்மீன் மங்கலாக மதிப்பிடப்படும் என்பதும் தெரிந்த விஷயம். பழைய அட்டவணைகள் 6.78 செ.மீ. வில்லைக்குச் சமமாக்கித் திருத்தியதும் அதனால்தான். ஒரு வால்மீனை நடுவழியில் வெறுங்கண்ணிலிருந்து பைனாகுலருக்கு மாற்ற நேர்ந்தால், இரண்டு மூன்று இரவுகளாவது இரண்டிலும் அளந்து இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்மீன் பொலிவெண்ணுக்கு டைக்கோ-2 பட்டியல் போதும். சேகரித்ததை ஸ்லோவேனியாவிலிருந்து இயங்கும், வால்மீன் நோக்குகளைத் திரட்டும் கோப்ஸ் தரவுத்தளத்தில் பதிவிடலாம்.

கேமராவில் அளப்பவர்களுக்கு ஒரு பத்தி. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, 4 விநாடி, ஐஎஸ்ஓ 800. டிரைபாடில் இதற்கு மேல் போனால் விண்மீன் இழுபடும். ரா கோப்பாக எடுங்கள். பச்சை வண்ணத் தடம் கண்ணின் பொலிவெண்ணுக்கு மிக அருகில் வரும். ஜேபெக்கில் கேமரா தன் விருப்பப்படி வளைத்த எண்களே இருக்கும். அளக்கும் வட்டம் தலை முழுவதையும் கொள்ள வேண்டும். விண்மீனுக்குப் போடும் சிறு வட்டத்தையே வால்மீனுக்கும் போட்டால் ஓரிரு எண் மங்கலாக வரும். அந்தி வானம் மேலிருந்து கீழ் வரை வெளுப்பு மாறிக்கொண்டே இருப்பதால், பின்புலத்தை வால்மீனின் இடமும் வலமும் ஒரே உயரத்தில் எடுங்கள். மேலும் கீழும் எடுக்காதீர்கள்.

மாதக் கடைசி

அக்டோபர் கடைசியில் வால்மீன் உயரமாக, ஆனால் மங்கலாகிவிட்டது, பைனாகுலர் வேண்டும். நிலா இல்லாத நல்ல இருட்டு அமாவாசையை ஒட்டி வந்தது. அதை ஒட்டியே தீபாவளியும் வந்தது. 31-ஆம் தேதி வெடிப்புகை காற்றில்லாத இரவில் ஊர் மேல் தேங்கி நின்றால் ஒளியிழப்பு வீதம் ஊருக்குள் ஒன்றாகவும் வயல்வெளியில் வேறாகவும் இருக்கும். தெருவுக்குத் தெருகூட மாறும். அன்றும் மறுநாளும் எடுத்த எண்ணில் வால்மீன் திடீரென அரை எண் மங்கியதாகத் தெரிந்தால், ரசல்ஹேக்–செபல்ராய் ஜோடியைப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது; இரண்டும் அருகருகே இருப்பதால் சேர்ந்தே மங்கும். உயரத்தில் நிற்கும் திருவோணத்தையும் (0.76) தாழ்ந்த ஒரு விண்மீனையும் வைத்து வீதத்தைப் புதிதாகக் கண்டுபிடித்த பிறகே அந்த இரண்டு இரவுகளின் எண்ணை மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். வீதம் 0.5-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம்.